முதலில் ஒயர் சுற்றக் கற்றுக்கொள்ளுங்கள்

கல்லூரி நாடகக் குழுவில் சேர்ந்த முதல் இரண்டு வாரமும் எனக்குக் கிடைத்த ஒரே வேலை ஒயர் சுற்றுவதுதான். திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. மேடை விளக்குகளை இயக்கும் லைட் போர்டு முன்னால் உட்கார வேண்டும் என்ற ஆசையில் போயிருந்தேன். வாடகைக்கு லைட் கொண்டுவரும் அண்ணன் ஒரு மைக் ஒயரைக் கையில் கொடுத்து, "இதைச் சுத்திக் காட்டும்மா, பார்ப்போம்" என்றார். கொடிக் கயிற்றைச் சுற்றுவது போல முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் சுற்றிக் கொடுத்தேன். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மீதியை மேடையில் வீசினார். முறுக்கிக்கொண்டு முடிச்சாகக் கிடந்தது.

அவர் சொல்லிக் கொடுத்த முறை இது. முதல் வளையத்தை வழக்கம்போல விட வேண்டும். அடுத்த வளையத்துக்கு மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பி ஒயரை அடியில் கொடுக்க வேண்டும். இப்படி மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒரு வளையத்தில் ஏறும் முறுக்கை அடுத்த வளையம் எடுத்துவிடும். முழங்கையில் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு ஏறிக்கொண்டே போய், உள்ளே இருக்கும் மெல்லிய செம்பு இழைகள் நாளடைவில் அறுந்துவிடும். என்றைக்கோ ஒரு நாள், முக்கியமான வசனத்தின் நடுவில் மைக் கரகரக்கும்.

புதிதாகப் பேக்ஸ்டேஜ் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன். லைட் போர்டைத் தேடி ஓடாதீர்கள். எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது கைக்குப் பழகட்டும். போர்டை இயக்க ஒரு வாரத்தில் படித்துவிடலாம்.

மின்சாரமும் அப்படித்தான் எனக்குப் புரிந்தது. வாட் என்பது வோல்ட் பெருக்கல் ஆம்பியர் என்று பிளஸ் டூவிலேயே எழுதி மதிப்பெண் வாங்கியாயிற்று. அதன் அர்த்தம் மேடையில்தான் தெரிந்தது. 'பார்' என்று சொல்லும் 1000 வாட் மேடை விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். மூன்று போட்டால் 13. ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்டுக்கு அவ்வளவுதான் கணக்கு, நான்காவதற்கு இடமில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு நாடகத்துக்கு அப்படிக் கணக்குப் போட்டு மூன்றே மூன்று லைட்தான் ஒரு லைனில் கொடுத்திருந்தேன். உடை மாற்றும் அறையின் பிளக்கும் அதே லைனில் இருந்தது எனக்குத் தெரியாது. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே யாரோ இஸ்திரிப் பெட்டியைப் போட்டார்கள், இன்னொருவர் டீக்காக எலெக்ட்ரிக் கெட்டிலையும் போட்டார். ஒரு நிமிடம் போல லைன் தாங்கியது. அப்புறம் டிரிப் ஆகி மேடையின் இடது பாதி இருண்டுவிட்டது. அம்மாவாக நடித்த பெண் பேச்சை நிறுத்தாமல் நாலு அடி நடந்து வெளிச்சம் இருந்த பக்கம் வந்து நின்றாள். அவளுக்கு நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன். அதிலிருந்து எந்த அரங்குக்குப் போனாலும் முதல் வேலையாக ஒவ்வொரு பிளக்கும் எந்த பிரேக்கரில் வருகிறது என்று அணைத்துப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். லைட் லைனில் உள்ள காலி பிளக்குகளை எல்லாம் டேப் போட்டு ஒட்டிவிடுவேன்.

பாதுகாப்பு விஷயத்தில் வெட்கமே படக் கூடாது. ஏணியில் ஏறும்முன் சட்டைப்பை காலியாக இருக்க வேண்டும். ஸ்பேனரைக் கயிற்றால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். கீழே ஒருவர் ஏணியைப் பிடித்தே ஆக வேண்டும். தொங்கும் ஒவ்வொரு லைட்டுக்கும் அதைக் கம்பியில் பிடித்திருக்கும் கிளாம்ப் போக ஒரு சங்கிலி தனியாக இருக்க வேண்டும். ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் சூடு அதிகமாகிப் பல்பு வெடிக்கக்கூடும். சுத்தமான துணியால் பிடித்தால் போதும்.

ஒளியமைப்பைப் பழக அரங்கம் வேண்டும் என்பதில்லை. விடுதி அறையை இருட்டாக்கி, தோழியை உட்கார வைத்து, செல்போன் டார்ச்சை அவள் முகத்தைச் சுற்றி நகர்த்திப் பாருங்கள். நேர் எதிரில் பிடித்தால் முகம் தட்டையாகிவிடும். கீழேயிருந்து அடித்தால் பேய். பக்கவாட்டில் 45 பாகை, மேலே 45 பாகை என்று வைக்கும்போது மூக்கும் கன்னமும் உருவம் பெறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அமெரிக்காவில் மேடை ஒளியமைப்பு ஆசிரியர் ஸ்டான்லி மக்கேன்ட்லெஸ் 1932இல் எழுதி வைத்த முறையின் அடிப்படையும் இந்தக் கோணம்தான். நம் நாட்டில் தாபஸ் சென் என்ற ஒளியமைப்பாளரைப் பற்றித் தேடிப் படியுங்கள். 1959இல் கொல்கத்தா மினர்வா அரங்கில், உத்பல் தத்தின் 'அங்கார்' நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறுவதை ஒளியால் காட்டியவர் அவர். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எந்த லைட் எப்போது மாற வேண்டும் என்று குறிக்கும் க்யூ ஷீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், கடைசி ஒத்திகை வரை மாறிக்கொண்டே இருக்கும். 'அவள் அழும்போது லைட் குறையும்' என்று எழுதினால் உதவாது. எந்தச் சொல் முடிந்ததும், எத்தனை வினாடியில், எவ்வளவு குறைய வேண்டும் என்று எழுத வேண்டும். அதற்கு நாடகம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டும். அதனால் உங்களுக்கு வேலை இல்லாத ஒத்திகைகளுக்கும் போய் உட்காருங்கள்.

இருட்டில் காட்சி மாற்றுவது தனிக் கலை. எங்களுக்கு ஒரு முறை 12 வினாடிதான் கிடைத்தது. நான்கு பேர், ஒரு பெஞ்சு, ஒரு கதவுச் சட்டம், தண்ணீர்ப் பானை. வெளிச்சத்தில் பத்து முறை, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பழகினோம். பொருள் வைக்கும் இடத்தில் இருட்டில் மின்னும் டேப் துண்டு. விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்பே கண்களை மூடிக்கொண்டு காத்திருங்கள். மற்றவர்கள் தடவும் நேரத்தில் உங்களுக்கு மேடை தெரியும்.

செய்த ஒவ்வொரு நாடகத்தின் லைட் வரைபடம், க்யூ ஷீட், புகைப்படங்களைத் தேதி போட்டு ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். டெல்லி தேசிய நாடகப் பள்ளியிலோ புதுச்சேரிப் பல்கலைக்கழக நாடகத் துறையிலோ மேலே படிக்க நினைத்தால், அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பேசலாம்.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் போட்டோ எடுக்கப் போவார்கள். லைட்டுகள் அப்போது கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், ஆறினால்தான் இறக்க முடியும். அந்த நேரத்தில் தரையில் கிடக்கும் ஒயர்களைச் சுற்றத் தொடங்குங்கள்.