மேயருக்கு இல்லாத செக் பவர்

நம்ம ராமநாதபுரம் மாவட்டத்தில் மேயர் கிடையாது. ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் என்று நகராட்சிகள்தான். ஆனாலும் கீழக்கரை, தொண்டிக்காரர்கள் பலருக்குச் சென்னை மண்ணடியில் கடையோ தங்கலோ உண்டு. அங்கே சாக்கடை பொங்கினால் உடனே ஒருவர், "மேயர்கிட்டயே போயிருவோம்" என்பார். போகலாம். ஆனால் சாக்கடைக்கான பில்லில் மேயர் கையெழுத்து போடமாட்டார், போடவும் முடியாது.

பாம்பனையோ பெரியபட்டினத்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கிராம ஊராட்சி. அங்கே தலைவரே நிர்வாக அதிகாரி. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட்டால்தான் பணம் வெளியே வரும். இருவரும் முறைத்துக்கொண்டால் போச்சு: மோட்டார் ரிப்பேர் பில், டேங்க் ஆபரேட்டர் சம்பளம் எல்லாம் அப்படியே நிற்கும். முறைகேடு என்று புகார் போனால் கலெக்டர் அந்த செக் பவரைப் பிடுங்கிவிடுவார். பிடுங்கும் அளவுக்காவது கையில் ஒன்று இருக்கிறது. மாநகராட்சியில் அது முழுக்க ஆணையரிடம். அவரை அனுப்புவது மாநில அரசு. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குவார், விவாதத்தை நடத்துவார், தீர்மானத்தை நிறைவேற்றுவார். சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் பார்க்கக் கம்பீரம்தான்.

இது இன்று வந்த ஏற்பாடு இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பரில் சாசனம் கொடுத்து, 1688 செப்டம்பர் 29-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியது. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். கம்பெனியின் கணக்கு எளிது: கம்பெனி ஆட்சி நடத்திய செயின்ட் ஜார்ஜ் கோட்டை நேரடியாக வரி கேட்டால் ஊர் முறுக்கும், ஊர்க்காரர்களையே சபையில் உட்கார வைத்தால் கொடுப்பார்கள். அதனால்தான் ஆல்டர்மென் எனப்பட்ட சபை உறுப்பினர்களில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியர், யூத வணிகர், இந்துக்கள் எல்லோரும் இருந்தார்கள். மண்ணடிக்குப் பக்கத்துப் பவளக்காரத் தெரு, பவளம் விற்ற அந்த யூத வணிகர்களின் தடம். ஆட்களைச் சேர்த்தும் வரி லேசில் வசூலாகவில்லை என்பது வேறு கதை.

பிறகு மேயர் என்ற பெயரே போய், 1919-ல் பிட்டி தியாகராயர் வந்தபோது பதவியின் பெயர் தலைவர். 1933-ல் பெயர் திரும்பியது, எம்.ஏ. முத்தையா செட்டியார் மேயரானார். அப்போதெல்லாம் ஆண்டுக்கு ஒரு மேயர். 1957 வாக்கில் தாரா செரியன் முதல் பெண் மேயர். 1973-ல் மன்றம் கலைக்கப்பட்டு 1996 வரை 23 ஆண்டுகள் மேயரே இல்லை. ஆனாலும் குப்பை அள்ளினார்கள், வரி வாங்கினார்கள். அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

1996-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு மு.க. ஸ்டாலினைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் கவுன்சிலர்கள் தேர்வு, 2011-ல் மறுபடி நேரடி, 2022-ல் மறுபடி கவுன்சிலர்கள் (ஆர். பிரியா). நேரடித் தேர்தலில் வந்த மேயருக்கு ஊர் முழுக்க ஓட்டு. ஆனால் மன்றத்தில் எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை வந்தால் ஒரு தீர்மானமும் நகராது. மறைமுகத் தேர்தலில் அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் மேயருக்கு என்று தனி ஓட்டும் இல்லை. என்னைக் கேட்டால் முதலாவதே மேல்.

சரி, சாக்கடைக்கு வருவோம். சென்னையில் பாதாளச் சாக்கடை என்றால் குடிநீர் வாரியத்தின் 1916, மழைநீர்க் கால்வாய் என்றால் மாநகராட்சியின் 1913. போன் போட்டு, கொடுக்கும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். அடைப்பெடுப்பது அதோடு முடியும். புது மழைநீர்க் கால்வாய் வேண்டுமானால்தான் கவுன்சிலர். அவர் மன்றத்தில் பேசினார் என்பதில் பிரயோசனமில்லை. செலவு மதிப்பீடு தயாரா, எந்த நிதியில் செலவு, தீர்மான எண் என்ன என்று கேளுங்கள். மதிப்பீடு இல்லாமல் மன்றத்துக்குப் போன கோரிக்கை ஒத்திவைப்பில் தூங்கும். மூன்றும் இருந்தால் அடுத்தது டெண்டர். கீழக்கரையிலும் இதே வழிதான், மேயருக்குப் பதில் நகர்மன்றத் தலைவர், அவ்வளவே. அங்கும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.