சட்டை விலை ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ்

சீனாவில் மேல்நிலைப் பள்ளி முடிக்கும் பிள்ளையை நடுராத்திரியில் எழுப்பி, "அந்தச் சட்டை என்ன விலை?" என்று ஆங்கிலத்தில் கேட்டால், தூக்கக் கலக்கத்திலும் "ஒன்பது பவுண்டு பதினைந்து பென்ஸ்" என்று சொல்லிவிடும். காவ்காவ் என்கிற அவர்களுடைய கல்லூரி நுழைவுத் தேர்வில், ஆங்கிலத் தாளின் கேட்டல் பகுதி அந்தக் கேள்வியை மாதிரிக்குக் காட்டித்தான் தொடங்கும். மூன்று விடைகள் இருக்கும்: 19.15, 9.18, 9.15. சரியானது மூன்றாவது என்று தாளிலேயே அச்சடித்திருப்பார்கள். அதற்கு மதிப்பெண் கிடையாது.

எனக்கு இது தெரியவந்தது இங்கே ரங்கூனில் எங்கள் பக்கத்து வீட்டு அமாவால். பர்மிய மொழியில் அக்காவை அப்படித்தான் அழைப்போம். தமிழ்க் காதுக்கு 'அம்மா' என்று சொல்வதைப் போலவே கேட்கும். அமா ஹொக்கியன் சீனர், சீனாவின் ஃபூஜியன் மாகாணத்து வழி வந்த குடும்பம். 1967-இல் ரங்கூனில் சீனர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தபோது அவருடைய சித்தப்பா ஃபூஜியன் மாகாணத்துக்கே திரும்பிப் போய்விட்டார். எங்கள் வீட்டிலும் அதற்கு மூன்று வருஷம் முன்னால், கடைகள் அரசுடைமையான சமயத்தில், பெரியப்பா குடும்பம் மதராஸுக்குக் கப்பல் ஏறியது. அதனால் ஒரு குடும்பம் பாதி இங்கே, பாதி அங்கே என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கும் பழகிய கதை. அந்தச் சித்தப்பாவின் பேத்தி ஃபூஜியனில் ச்சுவான்ஜோ என்ற ஊரில் படிக்கிறாள். போன வருஷம் ஆகஸ்டில் அமா வந்து கதவைத் தட்டினார். "சயாமா, பிள்ளைக்கு இங்கிலீஷ் காதில் ஏறவே இல்லையாம். நீங்கள் கொஞ்சம் பாருங்கள்" என்றார். சயாமா என்றால் டீச்சர். இருபத்தைந்து வருஷமாக இந்தத் தெருவில் எனக்கு அதுதான் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரைக்கு வீசாட் என்கிற சீனச் செயலியில், போன் வழியாகப் பாடம். அங்கே அப்போது மணி மூன்று. ஜூன் 8-ஆம் தேதி ஆங்கிலத் தேர்வு தொடங்குவதும் பிற்பகல் மூன்று மணிக்குத்தான். அந்த நேரத்தில் அவள் மூளை ஆங்கிலத்துக்குப் பழகட்டும் என்று வேண்டுமென்றே அதைப் பிடித்தேன். எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது தனித் தொல்லை. போனில் முந்தின நாளே சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவேன்.

முதல் வாரம் அவள் பழைய வினாத்தாள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினாள். மொத்தம் 150 மதிப்பெண், இரண்டு மணி நேரம். கேட்டலுக்கு 30, வாசிப்புக்கு 50. மீதி 70-இல் கோடிட்ட இடம் நிரப்புவதும் எழுதுவதும் வரும். கேட்டலில் இருபது கேள்வி, கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். முதல் ஐந்தும் சின்னச் சின்ன உரையாடல்கள். அவற்றை ஒரே ஒரு தடவைதான் ஒலிபரப்புவார்கள். அடுத்த உரையாடலுக்கு முன்னால் பத்து விநாடி. அதற்குள் விடையையும் குறிக்க வேண்டும், அடுத்த கேள்வியையும் படிக்க வேண்டும். பிறகு வரும் நீளமான பகுதிகள் இரண்டு தடவை வரும். எல்லாம் முடிந்ததும் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற இரண்டு நிமிஷம். பெய்ஜிங்கில் கேட்டலும் பேச்சும் கணினியில் தனியாக நடக்கும், 50 மதிப்பெண், வருஷத்தில் இரண்டு வாய்ப்பு உண்டு. ஃபூஜியன் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்து அந்த ஒரு மதியம்தான்.

அவளுடைய வாசிப்பு மதிப்பெண் நன்றாகவே இருந்தது. கேட்டலில்தான் பாதிக்குப் பாதி போய்க்கொண்டிருந்தது. அவளுடைய பள்ளியில் சொன்ன மருந்து, இன்னும் நிறையக் கேள் என்பது. தினமும் ராத்திரி ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறாள். நானும் முதல் ஒரு மாதம் அதே வழியில் போனேன். வார்த்தைப் பட்டியல் கொடுத்தேன், ஒலிப்பதிவு கொடுத்தேன். ஒன்றும் நகரவில்லை.

அப்புறம் ஒரு நாள், "நீ படிக்கும்போது எப்படிப் படிக்கிறாய் என்று எனக்குக் காட்டு" என்று சொன்னேன். போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு பத்தியைப் பென்சிலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். நான் பென்சில் முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரியின் நடுவரை போகும், சட்டென்று முன்னால் திரும்பி வரும், மறுபடி போகும், மறுபடி திரும்பும். ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை. கண்ணுக்கு அந்த வசதி இருக்கிறது. காதுக்கு இல்லை. அவள் வாசிப்பில் மதிப்பெண் வாங்கிய விதமேதான் கேட்டலில் அவளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது.

ஏன் திரும்புகிறாள் என்பது எனக்கு ஒரு குடை வாக்கியத்தில் பிடிபட்டது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தமிழ் தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

"த வுமன் ஹூ சோல்ட் மீ தி அம்ப்ரெல்லா எஸ்டர்டே இஸ் ஸ்டாண்டிங் அவுட்சைட்." இதை நாம் எப்படிச் சொல்வோம்? நேற்று எனக்குக் குடை விற்ற பெண் வெளியே நிற்கிறாள். நமக்கு முதலில் நேற்று, குடை, விற்றது எல்லாம் வந்து சேரும், கடைசியில்தான் 'பெண்' வருவாள். அமாவைக் கூப்பிட்டுப் பர்மிய மொழியில் சொல்லச் சொன்னேன். அதே வரிசை. என் மாணவியிடம் சீன மொழியில் சொல்லச் சொன்னேன். 'நிற்கிறாள்' கொஞ்சம் முன்னால் வந்ததே தவிர, பெண்ணைப் பற்றிய விவரம் முழுக்கப் பெண்ணுக்கு முன்னால்தான் நின்றது. நாம் 'விற்ற' என்று வினையின் வாலில் ஒரு அகரம் வைத்துப் பெயரோடு ஒட்டுகிறோம், பர்மியர் 'டெ' என்று வைக்கிறார்கள், சீனர் 'த' என்று வைக்கிறார்கள். மூன்று மொழி வீடுகளிலும் கதவு ஒரே பக்கம். ஆங்கிலத்தில் மட்டும் எதிர்ப்பக்கம். ஆள் முதலில் வந்து நின்றுவிடுகிறாள், அவள் யார் என்ற விவரம் பின்னால் 'ஹூ' என்று தொடங்கி வருகிறது.

அந்தப் பிள்ளை செய்தது இதுதான்: விவரம் முழுவதும் வரும்வரை படித்து, அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து பெண்ணுக்கு முன்னால் வைத்து, சீன வரிசையாக்கி, அதற்கப்புறம்தான் புரிந்துகொண்டாள். ஒலிப்பதிவில் அவள் திரும்பி வருவதற்குள் அடுத்த வாக்கியம் ஓடிவிடும்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் இருந்தேன். இங்கே நாங்கள் எழுதிய பத்தாவது பரீட்சையில் ஆங்கிலம் உண்டு, காதுக்கு வேலை கிடையாது. பத்தியை மனப்பாடம் செய்தால் போதும். என்னை அதிலிருந்து வெளியே கொண்டுவந்தது அப்பாதான். அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். கண்புரை வந்து எழுத்து மங்கிய பிறகு, சாயங்காலம் ஆங்கிலப் பத்திரிகையை நான் சத்தமாகப் படிக்க வேண்டும். நடுவில் நிறுத்தித் திரும்பப் படித்தால் அவருக்குப் பிடிக்காது. "முன்னாலே போம்மா, எனக்கு விளங்குது" என்பார். முன்னாலே போய்ப் போய் எனக்கும் விளங்க ஆரம்பித்தது. அதன் பிறகு அவருடைய சிற்றலை வானொலியில் பிபிசி ஆங்கிலச் செய்தி கேட்டபோது, முதல் தடவையாக அது இரைச்சலாக இல்லாமல் பேச்சாகக் காதில் விழுந்தது.

அதையே இவளுக்கும் செய்தேன். தேயிலைப் பொட்டலத்தின் அட்டையை நீளமாக வெட்டிக் காட்டி, அங்கே அவளையும் ஒன்று வெட்டச் சொன்னேன். படித்து முடித்த துண்டை அட்டையால் மூடிக்கொண்டே போக வேண்டும். பொதுவாக அட்டையைப் படிக்கப்போகும் வரிக்குக் கீழே வைப்பார்கள். நான் சொன்னது படித்ததை மறைக்க. கண்ணுக்குத் திரும்பிப் போக இடமே இருக்கக் கூடாது. சத்தமாகப் படிக்க வேண்டும். மூச்சு விடும் இடம் நான் குறித்துக் கொடுப்பேன். 'த வுமன்', ஒரு மூச்சு. ஒரு பெண் தெரிகிறாளா? 'ஹூ சோல்ட் மீ தி அம்ப்ரெல்லா எஸ்டர்டே', அடுத்த மூச்சு. அவள் கையில் குடையைக் கொடு. 'இஸ் ஸ்டாண்டிங் அவுட்சைட்.' இப்போது அவளை வாசலில் நிறுத்து. மொழிபெயர்க்காதே, பார்.

முதல் இரண்டு வாரம் அழுகைதான். ஒரு பத்திக்கு அரைமணி நேரம் ஆனது. வாசிப்பு மதிப்பெண்ணும் கொஞ்சம் இறங்கியது. அவளுடைய அம்மா அமாவிடம் கவலைப்பட்டுப் பேசியிருக்கிறார். நான் விடவில்லை. தேர்வுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது, இறங்கட்டும் என்றேன். ஐந்தாவது வாரம் என்று நினைவு, அவள் படித்து முடித்த அதே பத்தியை நான் மறுமுனையில் இயல்பான வேகத்தில் வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் "மிஸ், எல்லாம் தெரிந்தது" என்றாள். புரிந்தது என்று சொல்லவில்லை. தெரிந்தது என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஒலிப்பதிவுக்கே போனோம். படித்த பத்தியைக் கேட்பது, அப்புறம் படிக்காததைக் கேட்பது என்ற வரிசையில். ஒலிகளில் எங்கள் எல்லோருக்கும் ஒரே பிரச்சினை இருக்கிறது. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் காதில் ஒன்றாக விழும். கடைசி 'ன்' கேட்கிறதா என்று தேடினால் ஏமாந்துபோவோம், வேகப் பேச்சில் அது தேய்ந்துவிடும். அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்க வேண்டும். 'டீன்' நீண்டு ஓங்கி வந்தால் பதினைந்து, 'ஃபிஃப்' ஓங்கி வந்து வால் சுருங்கினால் ஐம்பது. அந்தச் சட்டை விலையை வைத்தே இதைப் பழக்கினேன். நான் பத்தொன்பது, ஒன்பது, பதினெட்டு, எண்பது என்று மாற்றி மாற்றி விலை சொல்ல, அவள் எழுதி அட்டையைக் காட்டுவாள்.

இன்னொரு கண்ணி, மூன்று விடைகளுமே ஒலிப்பதிவில் காதில் விழும் என்பது. நானே ஒரு உரையாடல் எழுதிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை சந்திக்கலாமா என்று ஒருவன் கேட்கிறான். வெள்ளி பல் டாக்டரிடம் போகிறேன், சனி ஊருக்குப் போகிறேன், வியாழன் முடியுமா என்கிறாள் அவள். "வியாழன் கஷ்டம்தான்..." என்று அவன் இழுக்கிறான், "சரி, வேலை முடிந்து வந்துவிடுகிறேன்" என்கிறான். என் மாணவி வெள்ளி என்று குறித்தாள். ஏனென்றால் தெளிவாகக் கேட்டது அதுதான். தெளிவாகக் கேட்ட வார்த்தையைப் பிடித்துக்கொள்ளாதே, பேச்சு எங்கே போய் முடிகிறது என்று பின்னாலேயே போ என்றேன். வாசிப்புத் தாளில் ஏழு வாக்கியத்தில் ஐந்தைப் பொறுக்கிப் பத்தியில் பொருத்தும் பகுதியும் இதே வேலைதான். முன்வரியில் வந்த வார்த்தை விடையிலும் இருக்கிறதே என்று பொருத்தினால் தவறும். 'திஸ்' என்றால் எது, 'தே' என்றால் யார் என்று சுட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

மே கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இருப்பது மேல்மாடி, தகரக் கூரை. ரங்கூன் மழை அதன்மேல் விழ ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்காது. பாடத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் மிஸ், அப்படியே வாசியுங்கள் என்றாள். கடைசி இரண்டு ஞாயிறும் மழைக்குள்தான் வாசித்தேன். குரல் கட்டிப்போய், அமா இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூன் 8 அன்று அங்கே இரண்டே முக்காலுக்கு மேல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள், கேட்டல் பகுதி இருப்பதால். தேர்வு மையங்களைச் சுற்றி வண்டிகள் ஹாரன் அடிக்கக் கூடாது, கட்டட வேலைகளை நிறுத்திவைப்பார்கள். 2024-இல் இந்தத் தேர்வுக்கு ஒரு கோடியே 34 லட்சம் பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தார்கள். அத்தனை பேருக்காக ஊர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு நினைக்க நினைக்க மனசை என்னவோ செய்கிறது. இங்கே மணி ஒன்றரை ஆனபோது நானும் அமாவும் காளியம்மன் கோவிலில் இருந்தோம். அமா அவர்கள் கோவிலுக்குக் காலையிலேயே போய் வந்துவிட்டார். ஒன்று ஐம்பதுக்கு, "கேட்டல் முடிந்திருக்கும்" என்று அவரிடம் சொன்னேன். கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் குரல் செய்தி வந்தது. ஆங்கிலத்தில்தான் பேசினாள், நிறுத்தாமல், திரும்பாமல். அறை ரொம்ப அமைதியாக இருந்ததாம், மழைச் சத்தம் இல்லாமல் முதல் உரையாடல் அவளுக்கு வினோதமாக இருந்ததாம். எந்த இடத்திலும் தொலைந்துபோகவில்லையாம். மதிப்பெண் மாதக் கடைசியில்தான் வரும். அவளுடைய தம்பி செப்டம்பரில் மேல்நிலைப் பள்ளி சேர்கிறான். தேயிலை அட்டையை அவனிடம் கொடுத்துவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி எனக்குச் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறான்.