மடித்த சங்கிலியும் இரும்பு நட்டும்: எது முதலில் கீழே வரும்?

ஒரு மீட்டர் நீள மணிச் சங்கிலி, ஜன்னல் திரைகளை இழுக்கப் பயன்படும் வகை. ஒரு முனை மேலே கொக்கியில் நிலையாக இருக்கிறது. மறுமுனை அதே உயரத்தில், 4 செ.மீ. தள்ளி. நடுப்பகுதி ‘ப’ வடிவில் தொங்குகிறது. தூக்கிக் கட்டிய முனையையும் ஓர் இரும்பு நட்டையும் ஒரே நேரத்தில் விடும்போது, சங்கிலி முனை நட்டை முந்திவிடுகிறது.

விழும் பக்கம் இறங்க இறங்க அதன் நீளம் குறைகிறது. மடிப்பைத் தாண்டிய கண்ணிகள் நிலையான பக்கத்தில் சேர்ந்து நின்றுவிடுகின்றன. இழந்த நிலை ஆற்றல் முழுவதும், இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் சிறு துண்டுக்குள் குவிகிறது. மடிப்பில் எழும் இழுவிசை அந்தத் துண்டைக் கீழ்நோக்கி இழுக்கிறது. முனையின் முடுக்கம் தொடக்கத்தில் புவியீர்ப்பு முடுக்கமேதான். பாதி தூரத்தில் அதைப்போல் 2.5 மடங்கு, பத்தில் ஒன்பது பங்கு இறங்கியதும் சுமார் 50 மடங்கு. மடிப்பைத் தாண்டும் ஒவ்வொரு கண்ணியும் மோதி ஆற்றலை இழக்கிறது என்று வைத்துக்கொண்டு, முனை சாதாரண வேகத்தில்தான் விழும் என்று எழுதிய பாடநூல்கள் உண்டு. கால்கின், மார்ச் என்ற இரு இயற்பியலாளர்கள் 1989-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் இதழில் வெளியிட்ட அளவீடுகள் ஆற்றல் காக்கப்படுகிறது என்ற பக்கமே நின்றன. கனமான மீள்கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் பங்கி வீரர், கயிறு இறுகும் முன்பே தனியாக விழுபவரைவிட வேகமாக இறங்குவதும் இதனால்தான்.

ஒரு மீட்டருக்குக் கணக்கு இப்படி வரும்: நட்டுக்கு 0.452 நொடி, சங்கிலி முனைக்கு 0.383 நொடி. முனை அடியைத் தொடும்போது நட்டு 72 செ.மீ. மட்டுமே இறங்கியிருக்கும். ஆனால் முனை 50 செ.மீ. இறங்கிய நிலையில் இடைவெளி வெறும் 5 செ.மீ.தான். ஆகவே மேல்பாதியை மட்டும் படம் பிடித்துவிட்டு வித்தியாசமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பார்க்க வேண்டியதெல்லாம் கீழ்ப்பாதியில் இருக்கிறது.

இரண்டையும் கையால் விட்டால் ஒரு விரல் நிச்சயம் முந்தும். சங்கிலி முனை, நட்டு இரண்டிலும் தனித்தனி பருத்தி நூல் கட்டி, இரண்டு நூலையும் ஒரே முடிச்சாக்கி, அந்த முடிச்சை ஒற்றை நூலில் தொங்கவிட வேண்டும். முடிச்சுக்கு மேலே லைட்டரால் எரித்தால் இரண்டும் சேர்ந்தே விடுபடும். நட்டு வெளிப்பக்கமாகத் தொங்கட்டும். உள்பக்கம் வந்தால் மடிப்பில் சிக்கும். நைலான் நூல் எரியாமல் உருகி இழுபடும், அதைத் தவிர்க்கவும்.

இரு முனைகளின் இடைவெளி 2 செ.மீ.க்குக் கீழே போனால் இரண்டு பக்கங்களும் உரசிப் பின்னிக்கொள்கின்றன. மிக அதிகமானால் சங்கிலி அகன்று தொங்கும், மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. கண்ணி பெரிதாக உள்ள கதவுச் சங்கிலி சரிப்படாது: மடிப்பு வழுக்கிச் செல்லாமல் தட்டுத்தட்டாக நகரும், கடைசி உதறலில் ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். மெல்லிய சங்கிலியானாலும் கொக்கியைத் திருகாணியால் இறுக்குங்கள். முனை அடிக்கு வந்ததும் சாட்டைபோல் மேலே எகிறுவதால் கண்ணுக்குக் கண்ணாடி அவசியம்.

போனில் நொடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன் போதும். சங்கிலி முனை 92-ஆவது ஃபிரேம் வாக்கில் அடிக்கு வரும், நட்டு 108-இல். போனை இரண்டு மீட்டர் தள்ளி, பாதி உயரத்தில் வைத்தால் சுவரில் ஒட்டிய அளவுநாடாவைச் சாய்வில்லாமல் படிக்கலாம். வெயில் வெளிச்சமே நல்லது. பல விளக்குகள் மின்னோட்டத்தோடு சேர்ந்து மினுக்கிப் படத்தில் பட்டை விழச் செய்கின்றன. 90 செ.மீ. அருகே முனை நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தை நெருங்குகிறது, அதாவது ஒரு ஃபிரேமுக்கு 4 செ.மீ. அதனால் கடைசி மணியில் வெள்ளை நகப்பூச்சு ஒரு புள்ளி வையுங்கள். டேப் சுற்றினால் எடை கூடும். கடைசிச் சில சென்டிமீட்டரில் படம் கணக்கிலிருந்து விலகும். முடிவில்லா வேகம் என்று சூத்திரம் சொன்னாலும், சங்கிலியின் மணிகளுக்கு ஓர் அளவு உண்டு, உராய்வும் உண்டு.

அதே சங்கிலியை மடிக்காமல் நேராகத் தொங்கவிட்டு, அடிமுனை தரையைத் தொடும் நிலையில், மேல்முனையையும் நட்டையும் ஒரே உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்பது நல்ல ஒப்பீடு. இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே தரைக்கு வரும். மேலே இருக்கும் பகுதியை இழுக்க அங்கே மடிப்பு இல்லை. இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆண்டி ரூய்னா குழு 2011-இல் சாய்ந்த படிகள் கொண்ட ஏணிபோல் ஒரு சங்கிலி செய்தது. ஒவ்வொரு படியின் ஒரு முனை மேசையில் பட்டதும் மறுமுனை கீழே சுழன்று மேலுள்ள நூலை இழுப்பதால், மேசைமேல் விழும் ஏணி மேசையில்லாமல் விழும் ஏணியை முந்துகிறது. ஐஸ் குச்சிகளும் நூலும் வைத்து அதைச் செய்துபார்ப்பதுதான் அடுத்த வேலை.