கேம்பர் வேன் வாங்கும் முன்: ஆர்.சி.யும் எடைச்சீட்டும்

கார்த்திகை, மார்கழியில் புளியரை வழியாக ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று போகும் வேன்களைப் பார்த்தாலே தெரியும். அடுப்பும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு போய், வழியில் பொங்கித் தின்று, வண்டிக்குள்ளேயே தலையைச் சாய்ப்பது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிய வித்தை இல்லை. அதற்கென்றே ஒரு வண்டி, அதாவது படுக்கையும் சமையலும் உள்ளேயே அமைந்த கேம்பர் வேன் (கேரவன்) வாங்கலாம் என்ற எண்ணம்தான் புதிது. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பார்க்கைத் திறந்தது. செங்கோட்டையிலும் கம்பத்திலும் ஆசை இருப்பவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ரெடிமேடாக வாங்குவதா, வேனை வாங்கி நாமே கட்டிக்கொள்வதா?

பெரும்பாலானவர்கள் கட்டில், கிச்சன், டிவி, லைட் என்று உள்ளே இருப்பதைப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். அதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக்கூடியவை. எளிதில் மாற்ற முடியாதவை இரண்டு: ஆர்.சி.யில் எழுதியிருக்கும் வகை, எடைமேடையில் விழும் எண். இந்த இரண்டும் சரியாக இருந்தால் எதை வாங்கினாலும் ஒப்பேற்றிவிடலாம்.

முதலில் ரெடிமேட் என்றால் இங்கே என்ன? ஐரோப்பாவில் வோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா மாதிரி, கார் கம்பெனியின் பெயரிலேயே படுக்கையோடு வெளிவரும் வண்டிகள் உண்டு. நம் நாட்டில் பெரும்பாலும் அப்படி இல்லை. பாடி கட்டும் ஒரு நிறுவனம் ஃபோர்ஸ், டாடா, பாரத் பென்ஸ் வண்டியையோ சேஸியையோ எடுத்து, உள்ளே வீடு கட்டி, அந்த மாடலைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.சி.ஏ.டி. போன்ற பரிசோதனை நிலையத்தில் காட்டி ஒப்புதல் வாங்குகிறது. மோட்டார் கேரவன்களுக்கான விதித்தொகுப்பு ஏ.ஐ.எஸ்.-124. அந்த ஒப்புதலோடு வந்தால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேரவன் அல்லது கேம்பர் வேன் என்று சிக்கலில்லாமல் பதிவாகும். ஆக, ரெடிமேடுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மரத்துக்கும் மெத்தைக்கும் இல்லை, இந்தக் காகிதத்துக்கு. ‘எங்கள் ஃபேக்டரியில் செய்தது’ என்று சொல்லும் எல்லோரிடமும் இந்தக் காகிதம் இருக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்புதல் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதில் உள்ள அடிப்படை மாடல், வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம்), இருக்கை எண்ணிக்கை மூன்றும் உங்களுக்கு விற்கும் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். 3350 மி.மீ. வீல்பேஸுக்கு வாங்கிய ஒப்புதலைக் காட்டி 4020-ஐ விற்றால் அந்தக் காகிதம் உங்களுக்குப் பயன்படாது.

கட்டிக்கொள்வதில் பிரச்சினை தொடங்குவதே இங்கேதான். 12 சீட் வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, கரூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு நல்ல பாடி பட்டறையில் கட்டிலும் அலமாரியும் போட்டுவிடலாம். கை வேலையில் நம் ஆட்களை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் ஆர்.சி. இன்னமும் 12 சீட் வேன் என்றுதான் சொல்லும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கு கிளம்பியதே கேரளத்திலிருந்துதான். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் சில மாற்றங்களுக்கு வழிவிட்டாலும், மத்திய அரசு வகுத்த வரம்புக்குள்தான். எனவே பட்டறைக்கு வண்டியை விடும் முன் ஆர்.டி.ஓ.வில் ஆல்டரேஷனுக்கு, அதாவது வண்டியின் அமைப்பை மாற்ற, முன் அனுமதி கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். லோன் வண்டி என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். வேலையை முடித்துவிட்டுப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் போய் நிற்பவர்கள்தான் அதிகம். அவர் மறுத்தால், மறுபடி சீட்டை மாட்டிக் காட்ட வேண்டிய நிலை.

டெலிவரி வேன் கூடு மலிவாகக் கிடைக்கிறதே, ஜன்னலும் இல்லை, கட்ட வசதி என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். அது சரக்கு வாகனம். பின்னால் ஆள் ஏறக்கூடாது, சீட் பெல்ட் மாட்டும் புள்ளிகளும் இருக்காது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடும் ஓட்டையே அதுதான். கட்டில் சீட் ஆகாது என்பதும் இதோடு சேர்ந்தது. ஓடும் வண்டியில் எத்தனை பேர் போகிறீர்களோ அத்தனை பேருக்கும் முன்னோக்கிய சீட்டும் பெல்ட்டும், தயாரிப்பாளர் கொடுத்த அதே புள்ளியில் இருக்க வேண்டும். ப்ளைவுட் பெட்டி மேல் திருகிய பெல்ட் வெறும் அலங்காரம்.

வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் 2004-ஆம் ஆண்டு மத்திய அறிவிக்கையின்படி நான்-டிரான்ஸ்போர்ட் வகைதான். வாடகைக்கு விடுவதென்றால் டிரான்ஸ்போர்ட்: பெர்மிட், எஃப்.சி., எல்லை தாண்டினால் அந்த மாநில வரி எல்லாம் சேர்ந்துவரும். வெள்ளை போர்டில் பதிந்துவிட்டு வாரக் கடைசியில் வாடகைக்கு விடுவது எல்லைப் பக்கத்தில் நடக்காத காரியம். கேரள எம்.வி.டி. (மோட்டார் வாகனத் துறை) ஆட்களின் கண்ணுக்குத் தப்புவது சிரமம். லைசென்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், மொத்த எடை 7500 கிலோவுக்குள் இருந்தால் எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும். டிரான்ஸ்போர்ட் வண்டிக்கும் அது செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

எடை என்கிற வில்லன்

கட்டிக்கொள்பவர்கள் கோட்டை விடுவது இதில்தான். 8க்கு 4 அடி, 12 மி.மீ. ப்ளைவுட் ஒரு ஷீட் சுமார் 25 கிலோ. 18 மி.மீ. என்றால் 37 கிலோ. ஆசாரியிடம் விட்டால் வீட்டு அலமாரிக்குப் போடுகிற மாதிரி 18-தான் போடுவார், ‘உறுதியா இருக்கட்டும்’ என்பார். வேனுக்கு 12 போதும், அலமாரிக் கதவுக்கு 9 போதும். நான்கு ஷீட் 12 மி.மீ. 100 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் 100 கிலோ, 12 வோல்ட் 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி 25, இன்வர்ட்டரும் சார்ஜரும் 10, சட்டத்தோடு 400 வாட் சோலார் 25, சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 18, ஒரு டன் ஏ.சி.யின் இரு பாகமும் 40, மெத்தை, பாத்திரம், வெயில் பந்தல் 45, ஐந்து கிலோ சிலிண்டர் நிரம்பிய நிலையில் 11. 374 கிலோ ஆகிவிட்டது. நான்கு ஆள், துணிமணி சேர்த்து 340. மொத்தம் 714. இது 12 பேர் ஏறும் வேன் தாங்கும் எடைதான். ஆனால் 18 மி.மீ. ப்ளைவுட்டும், லித்தியத்துக்குப் பதில் இரண்டு 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியும் போட்டால் 140 கிலோ சும்மா கூடிவிடும். அதை மேலே இழுப்பதைவிடக் கீழே இறக்குவது கஷ்டம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அந்த இறக்கத்தில் டிரம் பிரேக் சூடேறினால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது.

மொத்த எடை மட்டும் பார்த்தால் போதாது. கிச்சன், தண்ணீர் டாங்க், பேட்டரி மூன்றும் ஒரே பக்கம் வைத்தால் வண்டி ஒருபக்கம் சாய்ந்தே ஓடும், டயர் ஒருபக்கம் தேயும். டாங்க்கைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தால் முன்பக்கம் லேசாகும். டாடா விங்கர் முன்சக்கரம் இழுக்கிற வண்டி, அதில் இந்தத் தப்பைச் செய்தால் மழையில் நனைந்த ஏற்றத்தில் முன் சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும். ஃபோர்ஸ் டிராவலர் பின்சக்கர வண்டி என்பதால் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். எடைமேடையில் மூன்று முறை எடை போடுங்கள்: முன் சக்கரம் மட்டும், முழு வண்டி, பின் சக்கரம் மட்டும். தண்ணீரும் டீசலும் நிரப்பி, ஆட்களையும் உட்கார வைத்து. மொத்தத்தை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடும், அச்சு எடைகளை வண்டியில் தயாரிப்பாளர் பொருத்திய விவரத் தகட்டில் உள்ள எண்ணோடும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ரெடிமேட் விற்பவரிடம் இந்தச் சீட்டு இருக்க வேண்டும். இல்லை என்றால், கூடவே மேடைக்கு வரச் சொல்லுங்கள்.

ஏ.சி. ஆசை

தென்காசிச் சாரலில் ஏ.சி. தேவையில்லை, சித்திரையில் புனலூரில் தூங்க வேண்டுமென்றால் தேவை. கணக்கு இதுதான்: ஒரு டன் இன்வர்ட்டர் ஏ.சி. இரவில் சராசரியாக 600, 650 வாட் இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 5 யூனிட். 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இருப்பதே 2.56 யூனிட். 400 வாட் சோலார் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஒன்றேகால், ஒன்றரை யூனிட் தரும். எடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) மலைக்கு அந்தப் பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. எனவே ‘சோலாரில் ராத்திரி முழுக்க ஏ.சி.’ என்று யார் சொன்னாலும், பேட்டரி எத்தனை யூனிட் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஏ.சி. வேண்டுமென்றால் வெளி கரண்ட் இணைப்புதான் வழி. அதற்கு, மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், எர்த் சரியாக இருக்கிறதா என்று காட்டும் ஒரு சாக்கெட் டெஸ்டரும் அவசியம். நீள ஒயரைச் சுருளாகவே வைத்து ஏ.சி. ஓட்டினால் சுருள் உருகும்.

உள் ஒயரிங்கில் ரெடிமேட் நிச்சயம் மேல் என்று நம்பிவிட வேண்டாம், இரண்டிலும் ஒரே இடத்தில்தான் தீப்பிடிக்கிறது. 12 வோல்ட்டில் 1000 வாட் இன்வர்ட்டர் கிட்டத்தட்ட 90, 100 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 35 சதுர மி.மீ. செம்பு கேபிள், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 125 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸை இன்வர்ட்டர் பக்கம் வைத்தால், நடுவில் தகடு உரசி ஷார்ட் ஆகும் கேபிளை எதுவும் காப்பாற்றாது. தகட்டுத் துளை வழியாகப் போகும் ஒவ்வொரு ஒயருக்கும் ரப்பர் வளையம் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஒயரிங் படம் கேளுங்கள். படம் தர மறுக்கும் ஆள், நாளைக்கு ரிப்பேருக்கும் வரமாட்டார்.

மழை

மலைக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் ஈரம். வேன் கட்டுபவர்கள் வட இந்தியக் குளிரை நினைத்துக் கண்ணாடிப் பஞ்சு திணிப்பார்கள். அது ஈரத்தைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொண்டு தகட்டைத் தின்னும். அதற்குப் பதில் மூடிய துளை கொண்ட நைட்ரைல் ரப்பர் அல்லது எக்ஸ்.எல்.பி.இ. (பாலிஎத்திலீன் நுரை) ஷீட், 10 முதல் 13 மி.மீ., தகட்டோடு இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். இருவர் கதவடைத்துத் தூங்கினால் மூச்சிலேயே முக்கால், ஒரு லிட்டர் தண்ணீர் வெளிவரும். அது போக வழியில்லை என்றால் காலையில் மெத்தைக்கு அடியில் கசியும், ஒரு வாரத்தில் பூஞ்சை. கூரையில் ஒரு மின்விசிறியும் கீழே ஒரு காற்றுவழியும் கட்டாயம்.

கூரையில் ஓட்டை போடும்போது மூன்று தவறுகள் நடக்கும். வெட்டிய விளிம்புக்கு ஜிங்க் பிரைமர் அடிப்பதில்லை. துளையிட்ட இரும்புத் தூளைக் கூரையிலேயே விட்டுவிடுகிறார்கள், ஒரே இரவு மழையில் அது பெயின்ட்டில் துருப்புள்ளியாகிவிடும். மூன்றாவது, பாத்ரூம் சிலிக்கான். வண்டி குலுங்கும்போதும் வெயிலில் தகடு விரியும்போதும் அது உரிந்துவரும். ப்யூட்டைல் டேப்பும் அதன் மேல் பாலியூரத்தேன் சீலன்ட்டும்தான் நிற்கும். டெலிவரி எடுக்கும் நாளில் தோட்டத்து ஹோஸ் பைப்பைக் கூரையில் 20 நிமிடம் விடுங்கள். பிறகு அலமாரியின் மேல் மூலை, விசிறிச் சட்டம், பின் கதவுக்கு மேலே கையை வைத்துத் தடவுங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகு.

ரெடிமேடில் வாரண்டி இரண்டு துண்டாக இருக்கும்: எஞ்சினுக்கும் சேஸிக்கும் வண்டிக் கம்பெனி, வீட்டுக்குப் பாடி கட்டியவர். கூரை ஒழுகினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். திருநெல்வேலி ஷோரூம் எஞ்சின் ஆயிலை மாற்றும், தண்ணீர் பம்ப்பைத் தொடாது. பட்டறை ஆள் உள்ளூரில் இருந்தால் இந்த ஒரு விஷயத்தில் கட்டிக்கொண்ட வண்டிக்குத்தான் நிஜமான ஆதாயம்.

கேஸ் சிலிண்டர் தனிப் பெட்டியில், பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும். டாய்லெட்டுக்குக் கழிவுத் தொட்டியைக் கழற்றி எடுக்கும் கேசட் வகை போதும், வீட்டுக் கழிப்பறையிலேயே கொட்டிவிடலாம். அடியில் பெரிய டாங்க் வைத்தால், அதைக் காலி செய்ய நம் பக்கத்தில் இடம் தேடி அலைவீர்கள்.

வருடத்தில் பத்து, பதினைந்து நாள்தான் போவீர்கள் என்றால் இரண்டையும் விட்டுவிடலாம். வண்டியில் எதையும் துளைக்காமல், சீட்டைக் கழற்றாமல், மடக்கி வைக்கும் கட்டில் சட்டம், கையில் தூக்கிப் போகும் பேட்டரிப் பெட்டி (பவர் ஸ்டேஷன்) ஒன்று, வெளியே வைத்துச் சமைக்கும் அடுப்பு, 20 லிட்டர் கேன் இரண்டு. எல்லாம் பட்டையால் கட்டியிருந்தால் அது லக்கேஜ், ஆல்டரேஷன் இல்லை. ஆர்.சி. மாறாது, இன்சூரன்ஸும் பேசாது. இந்தச் சாமான் மொத்தமும் தண்ணீரோடு சேர்த்து 100 கிலோவுக்குள் நின்றுவிடும்.

பழைய வண்டி வாங்குபவர்கள் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு வாகன வகையைப் பாருங்கள். உள்ளே கட்டில் இருந்து, வகை மேக்ஸி கேப் அல்லது ஆம்னி பஸ் என்று இருந்தால், அதை மாற்றித் தருவது விற்பவரின் வேலை. மாறிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகு விலை பேசலாம். ‘நீங்க வாங்கிக்கிட்டு மாத்திக்கோங்க’ என்றால், 12 சீட் பழைய வேனுக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.