வலி வரவைத்துப் பெற்ற பிள்ளை

மாசமாக இருக்கும் தோழிகள் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள். ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வீட்டில் வையுங்கள், போனிலும் போட்டோ பிடித்துக்கொள்ளுங்கள். யார் கேட்டாலும் ஒரிஜினலைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு தாள் என் கையில் இருந்திருந்தால் நான் பட்ட பாட்டில் பாதி இல்லை. மகள் நன்றாக இருக்கிறாள், நானும் எழுந்து நடமாடுகிறேன். ஆனாலும் அந்த லேபர் வார்டை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

எனக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. 40 நாள் ஆகும், சில மாதம் அதற்கு மேலும் தள்ளிப்போகும். பிரசவத் தேதியைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். அது 28 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்களுக்குச் சரி. என்னைப் போன்றவர்களுக்கு முதல் ஸ்கேன்தான் கணக்கு. அந்தச் சமயத்தில் குழந்தையின் நீளத்தை அளந்து சொல்லும் வயதைத்தான் டாக்டர்களும் நம்புவார்கள். மேட்டுப்பாளையத்தில் எடுத்த ஸ்கேனில் என் குழந்தைக்குப் 10 நாள் வயது குறைவு என்று வந்தது. தேதியை மாற்றச் சொல்லி ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தார்கள். தாய் சேய் அட்டையில் மட்டும் பழைய தேதியே நின்றுவிட்டது.

மாதாமாதம் காட்டிய இடத்தில் ஓபி கவுண்டரில் இருந்த அம்மா, "ரெக்கார்டுக்கு வேணும், அடுத்த தடவை வாங்கிக்கோங்க" என்று அந்த ரிப்போர்ட்டை ஃபைலிலிருந்து உருவி எடுத்துக்கொண்டார். அடுத்த முறை கேட்டால், "எங்ககிட்ட எதுவும் இல்லையேம்மா." அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் கேட்டேன், அதே பதில்தான்.

மற்றபடி ஒன்பது மாதமும் குறையில்லாமல் போனது. கர்ப்பத்தைப் பதிவு செய்து கொடுக்கும் பிக்மி நம்பர், இரும்புச் சத்து மாத்திரை, தடுப்பூசி, வளைகாப்பு எல்லாம் நேரத்துக்கு நடந்தன.

அட்டையிலிருந்த தேதி தாண்டி ஒரு வாரம் ஆனதும், "41 வாரம் ஆகிடுச்சு, இனி வீட்டில வெச்சிருக்கக் கூடாது" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். 41 வாரத்துக்கு மேல் காத்திருந்தால் நச்சுக்கொடி தளர்ந்து குழந்தைக்கு ஆபத்து வரலாம், அதனால் வலி வரவைப்பது சரியான வழக்கம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஸ்கேன் கணக்குப்படி எனக்கு 39 வாரமும் சில நாளும்தான் ஆகியிருந்தது. இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "பேப்பர் எங்கே?"

எங்கள் வீடு கோத்தகிரியைத் தாண்டி, சோலூர்மட்டம் போகும் வழியில். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த மழையில் பஸ் மாறி மாறிப் போய் நின்றால், "புதுசா ஒரு ஸ்கேன் எடுத்தாத்தான் அட்மிஷன். ஸ்கேன் டாக்டர் இன்னிக்கு லீவு, நாளைக்கு வாங்க" என்றார்கள். நிறைமாத வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்து, கொஞ்சம் படுக்கவாவது இடம் கொடுங்கள் என்று கேட்டேன். கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. திரும்பி வரும்போது கட்டபெட்டு தாண்டியதும் ரோட்டில் காட்டெருமைக் கூட்டம். மூடுபனியில் டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் எரியவிட்டுக் காத்திருந்தார். கடைசி எருமை தேயிலைக்குள் இறங்கும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தேன். இடுப்பு விட்டுப்போனது. கிளம்புவதற்கு முன் போன் போட்டு ஸ்கேன் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரையே பேசச் சொல்லுங்கள். அவர் பேசினால் பதில் வேறு மாதிரி வருகிறது.

மறுநாள் அட்மிஷன் ஆனது. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: நிறைமாதத்தில் எடுக்கும் ஸ்கேன் குழந்தையின் எடை, பனிக்குடத் தண்ணீர், இதயத்துடிப்பு பார்க்க உதவும். தேதியைத் திருத்த உதவாது. ஆகவே அந்தப் புது ஸ்கேன் என் வழக்குக்குத் துணை நிற்கவில்லை.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே மேட்டுப்பாளையம் இறங்கினார். ஸ்கேன் சென்டரில் "பழசெல்லாம் எடுத்துத் தர முடியாது" என்றார்களாம். ஸ்கேன் சென்டர்கள் ரெக்கார்டை 2 வருடம் வைத்திருந்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. குழந்தையின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டத்தில் வரும் விதி அது. அதைச் சொல்லி அவர் அங்கேயே நின்றதும் கம்ப்யூட்டரில் தேடிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கும் தொலைந்துபோனால் தயங்காமல் கேளுங்கள். ஆனால் அவர் மேலே ஏறும்போது வழியில் மண் சரிந்து, ஜேசிபி வந்து அள்ளிப்போடும்வரை வண்டிகள் வரிசையில் நின்றன. அவர் வந்து சேர்ந்தபோது இரவு. எனக்கு அதற்குள் வலி வரவைக்கும் ஜெல் வைத்தாகிவிட்டது.

டியூட்டி டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டினார். "ஆரம்பிச்சாச்சு, இனி நிறுத்த முடியாது" என்று டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பனிக்குடம் உடைக்காமல் இருந்து, தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தால், நிறுத்தி ஓய்வு கொடுத்துவிட்டு அப்புறம் பார்க்கவும் வழியுண்டு என்று பிறகு வேறொரு டாக்டர் சொன்னார். அதைக் கேட்டபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கையெழுத்து வாங்கும்போதே "இது பலிக்கவில்லை என்றால் அடுத்தது என்ன, காத்திருக்கலாமா" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் நீட்டிய ஃபாரத்தை யாரும் படித்துக் காட்டவில்லை.

வலி வரவைப்பது என்றால் ஊசி போட்டதும் பிரசவம் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. கர்ப்பவாய் பழுக்காமல் கெட்டியாக இருந்தால் முதலில் அதை இளக்க வேண்டும், அதுவே ஒரு நாளுக்கு மேல் எடுக்கலாம். கர்ப்பவாயில் ஜெல் வைத்தால் அரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. 6 மணி நேரம் கழித்து உள்பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் இன்னொன்று. எனக்கு அடிவயிறு இறுக்கிப் பிடித்ததே தவிர, வாய் ஒரு விரலுக்கு மேல் திறக்கவில்லை. ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் புதிதாக ஒருவர் வந்து கைவிட்டுப் பார்த்தார்கள். ஒருமுறை ஒருவர் பார்த்து முடித்த கையோடு இன்னொருவர் பார்க்க வந்தார். "இப்பத்தான் பார்த்தாங்க, அவங்ககிட்டக் கேளுங்க" என்றேன். முகம் சுளித்தாலும் போய்க் கேட்டுக்கொண்டார். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

அப்புறம் ஃபோலி ட்யூப். சிறுநீர் போக வைப்பார்களே, அதே ரப்பர்க் குழாய்தான். நுனியிலிருக்கும் பலூனைக் கர்ப்பவாய்க்கு உள்ளே வைத்து, உப்புத் தண்ணீரால் நிரப்பி, குழாயைத் தொடையோடு இழுத்து பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டார்கள். வாய் திறந்தால் தானாக விழும் என்றார்கள். ராத்திரி முழுக்கக் கால் அசைக்கும்போதெல்லாம் அது இழுத்தது. விடியற்காலை பாத்ரூமில் அது வழுக்கி வெளியே வந்து விழுந்தபோது, பயத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அந்த நேரத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய விஷயம் அது. மூன்று நான்கு சென்டிமீட்டர் திறந்துவிட்டது என்று அர்த்தம். யாராவது முன்பே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

லேபர் வார்டுக்குள் துணைக்கு ஆளை விடவில்லை. அம்மா கும்பிட்டுக் கேட்டும் ஆயாம்மா கதவைச் சாத்திவிட்டார். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ நேரத்தில் கூட ஒரு பெண் இருக்கலாம் என்று அனுமதி இருக்கிறது. அண்ணிக்கு அது தெரியும். சத்தம் போடாமல் நேராக நர்சிங் சூப்பரின்டெண்ட் அறைக்குப் போய்க் கேட்டார். சற்று நேரத்தில் கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு என் தலைமாட்டில் வந்து நின்றார். "பயப்படாதே கண்ணு, நான் எங்கயும் போகமாட்டேன்" என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி மட்டும் அன்றைக்கு உள்ளே வந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

பனிக்குடத்தை உடைத்து டிரிப்ஸ் போட்டார்கள். ஆக்சிடோசின், வலியைக் கூட்டும் மருந்து. குறைவாக ஆரம்பித்து, அரை மணிக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். 10 நிமிடத்தில் மூன்று நான்கு வலி வந்தால் போதும், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வலிக்கும் வலிக்கும் நடுவே வயிறு தளர வேண்டும், அப்போதுதான் குழந்தைக்கு மூச்சு கிடைக்கும். எனக்கோ ஒரு வலி இறங்குவதற்குள் அடுத்தது ஏறியது. வயிறு கல்லாகவே நின்றது. அண்ணி போனில் நேரம் பார்த்து, 10 நிமிடத்தில் ஆறு, அப்புறம் ஏழு என்று எண்ணிப் போய்ச் சொன்னார். "முதல் பிரசவம்னா அப்படித்தான். கத்தினா தெம்பு போயிடும், வாயை மூடிட்டுப் படும்மா" என்று பதில் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கூடலூர்ப் பெண் என் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள், அவளுக்கும் அதே பேச்சுதான்.

டியூட்டி மாறியது. புதிதாக வந்த சிஸ்டர் வந்ததும் வேறெதையும் பார்க்கவில்லை, என் வயிற்றில் கையை வைத்தார். அப்படியே சிறிது நேரம் வைத்திருந்தார். இன்னொரு கையால் டிரிப்ஸைப் பூட்டினார். "இடது பக்கம் திரும்புங்க" என்று அவரே தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, வெறும் சலைன் பாட்டிலை மாட்டி, டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். குழந்தையின் துடிப்பு 110-க்கும் 160-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மிஷினில் 80 என்று காட்டியது. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். 90, 104, மறுபடி 96, 118. 130-க்கு வந்து நின்றபோது சிஸ்டர் என் நெற்றியைத் துடைத்துவிட்டு, "பாப்பா சமாளிச்சிருச்சு" என்றார். அவர் பெயரை இங்கே எழுத முடியாது, ஆனால் என் வீட்டு பூஜையில் தினமும் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன்.

டிரிப்ஸ் ஓடும்போது வயிறு தளரவே இல்லை என்றால், "சிஸ்டர், வயித்தைத் தொட்டுப் பாருங்க, நடுவுல விடவே இல்லை" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். "வலி தாங்க முடியல" என்று மட்டும் சொன்னால் காதில் வாங்கமாட்டார்கள்.

கடைசியில் முக்கத் தெம்பில்லை. தலை இறங்கி நின்றுவிட்டது, குழந்தையின் தலையில் கப் மாதிரி ஒட்டி இழுக்கும் வேக்குவம் வைத்து எடுத்தார்கள். பிறந்ததும் அழவில்லை. முதுகைத் தேய்த்து, வாயிலிருந்ததை உறிஞ்சி எடுத்த பிறகுதான் சத்தம் வந்தது. அண்ணிதான் முதலில் பார்த்தார், "பொண்ணு, பொண்ணு" என்று என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சில் போட்டபோது உடம்பெல்லாம் வெள்ளைப் பசை படிந்திருந்தது. நாள் தள்ளிப்போன பிள்ளைக்கு அது அநேகமாக இருக்காதாம், தோல் உரிந்து நகம் நீண்டிருக்குமாம். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, "41 வாரம் தாண்டின குழந்தை மாதிரித் தெரியலையே" என்றார். வீட்டுக்காரர் ஸ்கேன் தாளை எடுத்து நீட்டினார். அந்த டாக்டர் ஒருவர்தான் அதை முழுவதும் படித்துப் பார்த்தார்.

தலையில் வேக்குவம் வைத்த வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது. மஞ்சள் காமாலைக்காக நீல வெளிச்சத்தில் வைத்தார்கள், அதுவும் சரியானது. மலைக்குளிரில் பிரசவம் என்றால் கம்பளித் தொப்பி, காலுறை, பழைய பருத்திச் சேலைத் துணி நிறைய எடுத்துப் போங்கள். வெந்நீருக்கு ஸ்டீல் பிளாஸ்க் கட்டாயம் வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தடை, ராத்திரியில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தையல் போட்ட இடம் ஆறும்வரை உட்கார்ந்து பால் கொடுக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுத்தே கொடுக்கலாம். திரும்பி வர தாய் சேய் வாகனம் இலவசம், 102-க்குப் போன் செய்தால் போதும். பிறப்புப் பதிவு 21 நாளுக்குள் இலவசம், அதில் சிக்கல் இல்லை.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியபோது "நார்மல் டெலிவரி" என்று ஒரே வரி இருந்தது. ஜெல் இல்லை, ஃபோலி இல்லை, டிரிப்ஸில் துடிப்பு இறங்கியது இல்லை, வேக்குவம்கூட இல்லை. அடுத்த பிரசவம் பார்க்கும் டாக்டருக்கு இதெல்லாம் தெரிந்தாக வேண்டும். "டைப் பண்ணியாச்சு, மாத்த முடியாது" என்று கவுண்டரில் சொன்னார்கள். வண்டி வந்து வாசலில் காத்திருந்தது. மகளை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அண்ணியின் தோளைப் பிடித்து நடந்து டாக்டர் அறைக்கே போனேன். ஸ்கேன்படி எத்தனை வாரம் என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் ஃபைலில் வைத்தேன்.