தண்ணி எங்கிருந்து வருது?

புது ஊரில் இறங்கியதும் சிலர் கோபுரத்தைத் தேடுவார்கள், சிலர் கடைவீதியைத் தேடுவார்கள். நான் வாய்க்காலைத் தேடுவேன். பைப்லைன், வால்வு, மேல்நிலைத் தொட்டி என்றே வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்குப் புத்தி வேறெங்கே போகும்? "ஏங்க, இங்கேயுமா?" என்று மனைவி முறைப்பாள். ஆனால் பழைய நகரங்களையும் மலை ஊர்களையும் புரிந்துகொள்ள இதைவிடச் சுருக்கு வழி எனக்குத் தெரியவில்லை. எதிரிக்குப் பயந்து கோட்டையை மலை உச்சியில் கட்டிவிடலாம், தண்ணீர் தானாக ஏறி வராதே. அதை எப்படிக் கொண்டுவந்தார்கள், யாருக்கு முதலில் கொடுத்தார்கள் என்று பார்த்தால் ஊரின் பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

ஸ்பெயினின் கிரனாடாவில் குன்றின் மேல் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கூரையின் செதுக்கு வேலையை அண்ணாந்து பார்த்தபடியே நடப்பார்கள். நான் தரையைப் பார்த்து நடந்தேன். 13-ஆம் நூற்றாண்டில் நஸ்ரித் என்ற முஸ்லிம் அரச வம்சத்துச் சுல்தான்கள் அந்தக் குன்றில் குடியேறியபோது மேலே தண்ணீர் கிடையாது. டாரோ ஆறு கீழே பள்ளத்தில் ஓடுகிறது. அவர்கள் ஆற்றோரமாகவே சுமார் 6 கிலோமீட்டர் எதிர்த்திசையில் போய், கோட்டையைவிட உயரமான இடத்தில் தண்ணீரை மறித்து, மலைச்சரிவை ஒட்டி வாட்டம் (தண்ணீர் தானாக ஓடுவதற்கான சாய்வு) பார்த்து வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். பம்பு எதுவும் இல்லாமல் அரண்மனையின் குளங்கள், குளியலறைகள், பன்னிரண்டு சிங்கங்கள் சுமக்கும் தொட்டி எல்லாவற்றுக்கும் அதே வாய்க்கால்தான் தண்ணீர் கொடுத்தது. வாட்டம் கொஞ்சம் கூடினால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் படியும். லேசர் கருவி வைத்துக்கொண்டே எங்கள் ஆட்கள் திணறியதைப் பார்த்தவன் நான்.

அல்ஹம்ப்ராவை ஒட்டிய ஹெனராலிஃபே தோட்டத்தில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. அதைத் தவற விடாதீர்கள். இரண்டு பக்கமும் உள்ள கைப்பிடிச் சுவரின் மேல்பக்கத்தையே குழித்து வாய்க்காலாக்கியிருக்கிறார்கள். படியேறும்போது கையை வைத்தால் விரலிடுக்கில் தண்ணீர் சலசலவென்று இறங்கிப் போகும். மேலே மரங்கள் பந்தல் மாதிரி கவிந்திருக்கும். வெளியே வெயில் கொளுத்துகிற மதியத்தில் அங்கே மட்டும் சில்லென்று இருந்தது. வழக்கமாக முறைக்கிற மனைவி அன்றைக்கு முழங்கைவரை நனைத்துக்கொண்டு நின்றாள். நஸ்ரித் அரண்மனைகளுக்கு டிக்கெட்டில் குறித்த நேரத்தில்தான் விடுவார்கள், முன்பதிவு செய்யாமல் போய் நின்றால் கிடைப்பது கஷ்டம்.

கிரனாடாவிலிருந்து ரோண்டாவுக்கு மலைவழியாகப் போகலாம். ஆழமான பள்ளத்தாக்கு ஊரை இரண்டாகப் பிளக்கிறது. நடுவில் 98 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். அதற்கு முன்பு கட்டிய பாலம் 1741-இல் இடிந்து விழுந்து பலர் செத்துப்போனார்கள். இரண்டாவது முறை நிதானமாக, 1751-இல் தொடங்கி 1793-இல் முடித்திருக்கிறார்கள். எல்லோரும் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் ரோண்டாவில் என் மனதில் நின்றது வேறு. கோட்டைக்குள்ளிருந்து ஆற்று மட்டம்வரை பாறைக்குள்ளேயே குடைந்து இறக்கிய படிக்கட்டு அது. முற்றுகை வந்தால் அடிமைகளை வைத்துத் தோல்பைகளில் தண்ணீரை மேலே ஏற்றுவதற்காகச் செய்தது. ஈரமும் இருட்டுமாக இருக்கும், மூட்டுவலி உள்ளவர்கள் இறங்காதீர்கள். அல்ஹம்ப்ராவில் தண்ணீர் தானாக வந்தது, இங்கே மனிதன் முதுகில் ஏறியது.

இஸ்தான்புல்லின் நிலவறைத் தொட்டி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 336 தூண்கள், பேரரசர் ஜஸ்டினியன் காலம், தூணடியில் பாம்புக் கூந்தல்காரி மெதுசாவின் தலை. போங்கள், நன்றாகத்தான் இருக்கிறது. விளக்கு அலங்காரம் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஓவர்.

நேபாளத்தின் பாட்டன் நகரத்துக்குத்தான் நான் யாரை வேண்டுமானாலும் தள்ளிவிடுவேன். காட்மாண்டுவிலேயே தங்கிவிட்டு அரை நாளில் பாட்டனை முடிக்கிறார்கள், அது அநியாயம். அரண்மனைச் சதுக்கத்தின் ஓரத்தில் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம், படி இறங்கிப் போக வேண்டும். சுவரில் மூன்று கல் குழாய்கள். ஒவ்வொன்றும் தும்பிக்கையைச் சுருட்டிய மகர முகம், அதன் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. மங்க ஹிட்டி என்பார்கள். கி.பி. 570-இல் அமைத்தது. ஏன் பள்ளத்தில் வைத்தார்கள் என்றால், நிலத்தடி ஊற்றையும் தூரத்துக் கால்வாய் நீரையும் வாட்டத்திலேயே இழுத்து வர வேண்டும், அதற்குக் குழாய்வாய் தாழ இருக்க வேண்டும். வழியில் மணல், சரளை, கரி என்று வடிகட்டும் அடுக்குகள் வேறு.

விடியற்காலையில் போனேன். குடங்களும் பிளாஸ்டிக் கேன்களும் வரிசையில் இருந்தன, ஆட்கள் படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து மகரத்தின் கீழ்த்தாடையைத் தடவிப் பார்த்தேன். நூற்றாண்டுக்கணக்கில் கைபட்டு வழவழவென்று ஆகியிருந்தது. ஒரு பாட்டி தன் குடத்தை நகர்த்தி, எனக்குக் கைகழுவ இடம் விட்டார். பக்கத்தில் இருந்த மரமண்டபங்கள் 2015 பூகம்பத்தில் விழுந்தன, பிறகு திரும்பக் கட்டினார்கள். காட்மாண்டு பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட பல ஹிட்டிகள் இன்று வறண்டு கிடக்கின்றன. மேலே கட்டடங்களின் அஸ்திவாரம் பழைய கால்வாயை வெட்டிவிட்டது, ஆழ்துளைக் கிணறுகள் ஊற்றை உறிஞ்சிவிட்டன. எங்கள் துறைக்காரர்களுக்கு அங்கே ஒரு நாள் வகுப்பு வைக்கலாம்.

பாட்டனோடு சேர்த்துப் பந்திப்பூர் போய்வாருங்கள். காட்மாண்டுவுக்கும் பொக்ராவுக்கும் இடையில், கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு முகட்டில் இருக்கிறது. கீழே மலேரியா வாட்டிய காலத்தில் நேவார் இன வியாபாரிகள் மேலேயே இருந்து செழித்தார்கள். மலேரியா ஒழிந்தது, நெடுஞ்சாலையும் கீழே டும்ரே வழியாகப் போய்விட்டது, கடைகளும் இறங்கிவிட்டன. பணம் போனதால் யாரும் வீட்டை இடித்துக் கட்டவில்லை, அதனாலேயே பழைய தெரு அப்படியே தப்பித்தது. நடுத்தெருவில் வண்டி விடுவதில்லை. அக்டோபர், நவம்பரில் போனால் பனிமலை தெளிவாகத் தெரியும்.

சீனாவின் லிஜியாங்கில் கூட்டத்தைச் சகிக்க முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அங்கே ஒரு காட்சி உண்டு. 2,400 மீட்டர் உயரத்தில் நாசி (Naxi) என்ற சிறுபான்மை இன மக்களின் பழைய நகரம். ஆறு மூன்றாகப் பிரிந்து தெருத்தெருவாக ஓடுகிறது. சில இடங்களில் மூன்று தொட்டிகள் படியாக இருக்கும். முதலாவதில் குடிக்க மட்டும். அது வழிந்து இரண்டாவதுக்கு வரும், அங்கே காய்கறி கழுவலாம். அதுவும் வழிந்து மூன்றாவதில் துணி. காவல்காரனும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம். சந்தைச் சதுக்கத்தை இரவில் மதகை அடைத்துத் தண்ணீரைப் பெருகவிட்டே கழுவுவார்களாம். நெரிசல் பிடிக்காதவர்கள் பக்கத்திலுள்ள ஷூஹேயில் தங்குங்கள், வாய்க்கால் அங்கேயும் ஓடுகிறது.

பெருவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். கஸ்கோ 3,400 மீட்டர். விமானத்தில் நேராக இறங்கினால் தலைவலி, மூச்சிரைப்பு வரலாம். இறங்கிய கையோடு 2,800 மீட்டரில் இருக்கும் ஒயாந்தைதாம்போவுக்கு வண்டி பிடித்துப் போய்த் தங்குங்கள், கஸ்கோவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஒயாந்தைதாம்போவின் இன்கா காலத்துத் தெருக்களில் இன்றும் வாய்க்கால் ஓடுகிறது, மலைமேல் இருக்கும் இன்கா நகரமான மாச்சு பிச்சுவுக்கு ரயிலும் அங்கிருந்தே கிடைக்கும். மாச்சு பிச்சுவில் ஊற்றுத் தண்ணீர் 16 கல்தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்குகிறது. முதல் தொட்டி அரசர் வீட்டுப் பக்கம். லிஜியாங் மாதிரியே வரிசைதான், ஆனால் இங்கே முதலிடம் ஆளைப் பொறுத்தது. டிக்கெட் எடுக்கும்போதே எந்தச் சுற்றுவழி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மேல் மேடைகளோடு முடிகிற வழியை எடுத்தால் படம் நன்றாக வரும், தொட்டிகள் கிட்டே போக முடியாது. நகருக்குள் இறங்கும் வழியை எடுங்கள். மே முதல் செப்டம்பர்வரை மழைத் தொல்லை குறைவு.