ஆறுமணிக் குருவி

இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, ஒவ்வொரு நாளும் நடக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னதிலிருந்து விடிய ஐந்தரைக்கே வீட்டைவிட்டு இறங்கிவிடுவேன். திருகோணமலைக் கடற்கரைப் பக்கமாக நடந்து, பிரட்றிக் கோட்டைக்குள் புகுந்து, கோணேசர் கோயில்வரை ஏறித் திரும்புவது வழக்கம். நடக்கத்தான் போனேன். இப்போது நடப்பதைவிட நிற்பதுதான் கூட.

கோட்டை வாசலில் முதலில் கண்ணில் படும் உயிரினம் மீன். கல்லில் செதுக்கிய பாண்டியரின் கயல்கள். 1624இல் போர்த்துக்கேயர் கோயில் கற்களைக் கொண்டு கோட்டையைக் கட்டியபோது அதுவும் வாசலுக்கு வந்து சேர்ந்தது. நானூறு வருடமாக ஒரு கொக்கும் கொத்தவில்லை.

உள்ளே போனால் புள்ளிமான். வெளியூர்க்காரர் மானைக் கண்டதும் போனை எடுப்பார்கள். நாங்கள் மாட்டை விலத்துவதுபோல விலத்திக்கொண்டு போவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் பெரிய கொம்போடு ஒரு ஆண்மான் படுத்திருந்தது. மைனா ஒன்று அதன் காதுக்குள் தலையை விட்டு உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது. சலூன் கதிரையில் சாய்ந்த மனிசன் மாதிரி மான் கண்ணை மூடித் தலையைச் சரித்துக் கொடுத்தது. ஒரு காது முடிந்ததும் மற்றக் காதைத் திருப்பியது, சத்தியமாக. அதே மான்தான் பிறகு எழும்பிப் போய் ஒரு சொப்பிங் பையை மென்றது. இழுத்தெடுக்கப் போன எனக்குக் கொம்பைக் காட்டியது. வாழைப்பழம் கொடுக்கிற புண்ணியவான்கள் பையையாவது திருப்பிக் கொண்டுபோகலாம்.

தம்பி கனடாவிலிருந்து வந்தபோது ஒரு தொலைநோக்கி தந்தான். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அதைக் கழுத்தில் போட எனக்குப் பயம். எங்கள் வயதுக்காரருக்கு அந்தப் பயம் லேசில் போகாது. சாரத்து மடிப்புக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

ஐப்பசியில் மழை தொடங்கிய கிழமை அது. ஈரச் சருகுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். மணி பார்த்தேன், ஆறுக்கு இரண்டு நிமிடம். அம்மா இதை ஆறுமணிக் குருவி என்பார். விடியவும் பொழுதுபடவும் அந்த நேரத்தில்தான் கத்தும். வட இந்தியப் பக்கம், இமயமலை அடிவாரம்வரை குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர் காலத்துக்கு இங்கே வரும். பறந்து வந்த களையில் வீட்டு விறாந்தைகளில் விழுந்து கிடப்பதும் உண்டு.

வேம்புக்குக் கீழே தத்தித் தத்திச் சருகைப் புரட்டியது. முதுகு பச்சை, செட்டையில் மின்னும் நீலம், கண்ணில் மை பூசியதுபோல் கறுப்புக் கோடு, வயிற்றுக்குக் கீழே குங்குமச் சிவப்பு. வால்தான் பாவம், கத்தரித்துவிட்ட மாதிரிக் கட்டை. பார்க்கிற அவதியில் தொலைநோக்கியை வெளியே எடுத்துவிட்டேன்.

பின்னால் சப்பாத்துச் சத்தம். காவலுக்கு நின்ற பொடியன். என்ன பார்க்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் “குருல்லா” என்றேன். கையை நீட்டினான். சரி, தொலைநோக்கி போச்சு என்றுதான் நினைத்தேன். அவனோ அதைக் கண்ணில் வைத்து, அங்கே இங்கே தேடி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “அவிச்சியா!” சிங்களத்தில் ஆறுமணிக் குருவிக்கு அதுதான் பெயர்.

அவனுடைய ஊருக்கும் வருமாம். இந்தக் குருவி குளிக்கப் போன நேரத்தில் மயில் அதன் உடுப்பைக் களவெடுத்துக்கொண்டு போய்விட்டதாம், அதைத்தான் இன்னும் சொல்லி அழுகிறதாம். அந்தக் கட்டை வாலைப் பார்த்தால் கதை சரிபோலத்தான் இருந்தது. நான் அம்மாவின் மணிக்கூட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கி, சிங்களம் முட்டுப்பட்டு, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினேன். விளங்கிக்கொண்டான்.

நேற்றுக் காலை வாசலைத் தாண்டவே அவன் தூரத்திலிருந்து கையைக் காட்டினான். “மாமே!” பிறகு சத்தம் போடாமல் இரண்டு விரலை உயர்த்தி, வேம்புக்குப் பின்பக்கத்தைக் காட்டினான்.